மெழுகிவிட்ட தோப்பு

பவுனாம்பாள் வீடு இதுதான். நான்தான் பவுனாம்பாள். கேட்டைத் திறந்து உள்ளே வா, நாய் ஒன்றும் செய்யாது. அதற்குக் குலைக்க மட்டும்தான் தெரியும், எங்கள் கூட்டத்தில் பாதிப் பேரைப் போல.

எந்த ஊர் என்றாய்? நத்தத்துக்கு மேற்கேயா? லூர்தம்மாள்... அட, காலையில் எழுந்ததும் போனில் ரோஜாப்பூப் படம் போடுகிற லூர்தம்மாளா? உன்னை அறுபது வயசுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கச்சி வயசுதான் இருக்கும் போலிருக்கிறது.

சண்டை போடத்தானே வந்திருக்கிறாய்? முகமே சொல்கிறது. "நீங்க போட்ட போட்டோவைப் பாத்துத்தானேக்கா நானும் அப்படியே செஞ்சேன், என் மிளகுக்கொடி அத்தனையும் காஞ்சுபோச்சே." இதுதானே? வாசலில் நின்று சொல்லாதே. எதிர்வீட்டுக்காரிக்குக் காது ரோட்டில்தான் கிடக்கும். உள்ளே வா. உட்கார். மோர் குடி. நீ சொல்லவேண்டாம், நான் சொல்கிறேன், நீ கேள். முழுக்கக் கேட்டபிறகும் தப்பு என் மேல்தான் என்று உனக்குத் தோன்றினால், அப்புறம் உன் பாடு, உன் மாதா பாடு.

எங்கள் ஊரில் இந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்தவள் இந்திராணி. என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. பக்கத்து வீடு பூட்டிக்கிடக்கிறதே, அதுதான். அவள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து, காலையிலேயே போய்விட்டாள். அந்தப் பெரிய புயலில் எங்கள் தென்னையெல்லாம் சாய்ந்தது உனக்குத் தெரிந்திருக்கும். இனிமேல் என்ன வைப்பது, எதை நம்பி வைப்பது என்று ஊரே கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போது இவள் எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "அக்கா, இனிமே ஒருத்தர் தோட்டத்தை ஒருத்தர் போய்ப் பாக்கணும். ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கணும்" என்றாள்.

"வாத்தியார் யாருடி?" என்று கேட்டேன்.

வாத்தியாரே கிடையாதாம். எல்லோரும் வாத்தியார், எல்லோரும் பிள்ளைகள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாத்தியார் இருந்த பள்ளிக்கூடத்திலேயே எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் என்ன ஏறிவிடப் போகிறது?

உங்கள் ஊரிலும் இப்படித்தானே நடக்கும்? மாதம் ஒரு தோட்டத்துக்குப் போவார்கள். வட்டமாக உட்காருவார்கள். மண்ணை ஒரு கை அள்ளுவார்கள். புடவைக்கடையில் ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி விரலில் தேய்ப்பார்கள். மோந்து பார்ப்பார்கள். "ஆகா, நல்ல வாசம்" என்பார்கள். மண்ணில் மண்வாசம் வராமல் மல்லிகை வாசமா வரும்? அதற்குப்பிறகு தோட்டத்துக்காரர் எழுந்து நிற்கவேண்டும். நின்று, முதலில் தோற்றதைச் சொல்லவேண்டும். அதுதான் சட்டம். எது நன்றாக வந்தது என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். எது செத்தது, எப்படிச் செத்தது, அதுதான் அவர்களுக்கு வேண்டும். எங்கள் ஊர் இழவு வீட்டில்கூட, செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் முதலில் பேசுவார்கள்.

அடைக்கலம் என்று ஒரு கிழவர் இருக்கிறார். மாமா முறை எனக்கு. தன் முருங்கைத் தோப்பு முழுவதையும் கம்பளிப்பூச்சிக்குக் கொடுத்துவிட்டு, "பூச்சிக்குப் பந்தி வச்சேன். கடைசிப் பந்தியில எனக்கே எலை இல்லாமப் போச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறார். எல்லோரும் கூடச் சிரிக்கிறார்கள். தோட்டம் போனவனுக்கு வெட்கம் இல்லை, கேட்டவர்களுக்கும் இல்லை. இவர்களிடம் போய் நான் படிக்கவேண்டுமாம்.

பின்னே ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறாயா? இந்திராணியின் மிளகுக்காகத்தான் சேர்ந்தேன். மிளகு மலையில் விளைகிற பொருள். எங்கள் ஊர் சமவெளி, செம்மண், வெயில் அடித்தால் காக்காய் நிழல் தேடும். இவள் தன் பலாவிலும் வேம்பிலும் மிளகுக்கொடியை ஏற்றிவிட்டாள். நான் சிரித்தேன். பிறகு சரம் சரமாகக் காய்த்துத் தொங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தோப்புக்கும் என் தோப்புக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் காய். இந்தப் பக்கம் நான். சும்மா இருக்க முடியுமா சொல்லு?

கொடித்துண்டு அவள்தான் கொடுத்தாள். மூத்தவள் கேட்டால் கொடுக்காமல் இருந்துவிடுவாளா?

என் வீட்டுக்காரருக்கு இதில் எதுவுமே பிடிக்காது. அவருக்குத் தைலமரம்தான் சாமி. நட்டுவிட்டு மறந்துவிடலாம், வெட்டுகிற அன்றைக்குப் போனால் போதும், தண்ணி வேண்டாம், ஆள் வேண்டாம், பொண்டாட்டியின் பேச்சு வேண்டாம். புயலில் தப்பின பலாவும் வேம்பும் என் தோப்பில் நிற்கின்றன. அதற்கப்புறம் நான் வைத்த மகோகனியும் நிற்கிறது. மோட்டார் ரிப்பேரான கோடையில் அத்தனைக்கும் நான் குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அதையெல்லாம் வெட்டிவிட்டுத் தைலம் வைக்கிறேன் என்றார். நான் குறுக்கே விழுந்தேன். கடைசியில் ஒரு வருஷம் தவணை கொடுத்தார். "மிளகு பிடிச்சா மரம் நிக்கட்டும். பிடிக்கலைன்னா நீ வாயைத் திறக்கக்கூடாது" என்றார்.

புரிகிறதா உனக்கு? மிளகு ஏறுவதற்கு மரம் வேண்டும். மரம் நிற்பதற்கு மிளகு வேண்டும். கொடி போனால் தோப்பும் போச்சு. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மண்ணை மோந்துகொண்டிருந்தார்கள்.

மாசியில் என் தோப்புக்கு முறை வந்தது. உள்ளூர்க்காரர்கள் மட்டும் என்றால் பரவாயில்லை, மூன்று மாவட்டத்துக் குழுக்களிலிருந்தும் வேன் வைத்து வருகிறார்கள் என்று பிரவீணா சொன்னாள். அந்தக் குழுக்களையெல்லாம் சேர்த்துவைக்கிற பெண், உனக்குத் தெரியுமே. நீதான் அன்றைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று போட்டிருந்தாய். வந்திருந்தால் இந்த வம்பே இல்லை.

சரி, நான் ஒன்று கேட்கிறேன், நேர்மையாகச் சொல்லு. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றால் நீ பெருக்குவாயா, மாட்டாயா?

நான் பெருக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இந்திராணி சொன்னாளே என்று அதற்கு முந்தின மழைக்காலத்திலிருந்து இலை, தழை, வைக்கோல், பலாச்சருகு எல்லாவற்றையும் கொடி அடியில் கொட்டி வைத்திருந்தேன். மூடாக்கு என்று அதற்குப் பெயர். குப்பைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அது குப்பை இல்லை என்று ஆகிவிடுமா? காலை வைத்தால் புதையும். பூரான் ஓடும். என் வீட்டு முற்றத்தைப் பார், ஒரு இலை கிடக்கிறதா? இப்படி வீடு வைத்திருப்பவள் தோப்பைப் பார்த்து ஊரார் என்ன சொல்வார்கள்? பவுனாம்பாள் சோம்பேறி, அள்ளிப்போட நேரமில்லை என்று சொல்லமாட்டார்களா?

எல்லாவற்றையும் வாரி மூலையில் குவித்து நெருப்பு வைத்தேன். தரையில் கொள்ளும் தட்டைப்பயறும் படர்ந்து கிடந்தது, அதையும் பிடுங்கிப் போட்டேன். சாணி கரைத்து ஒவ்வொரு மரத்தடியையும் மெழுகினேன். கட்டையால் தட்டித் தட்டி நெல் அடிக்கிற களம் மாதிரி ஆக்கினேன். மரத்தைச் சுற்றிக் காவிப்பட்டை. கொடி ஏறாத பலாமரத்துக்கெல்லாம் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு. தோப்பு வாசலில் பெரிய கோலம். ஒரு வாரம் என் இடுப்பு என் இடுப்பாக இல்லை. இந்திராணி அப்போது மகள் பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தாள். வந்து பார்த்துத் திகைக்கட்டும் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேன் வந்தது. இறங்கினவர்கள் இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டார்கள். மலைத்துப்போனார்கள். ஒருத்தர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார் என்றால் பார்த்துக்கொள். கரூர்க்காரி ஒருத்தி, "அக்கா, கல்யாண மண்டபம் மாதிரி இருக்குக்கா" என்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் மனசில் பட்டதைப் பேசுகிறவள்.

பிரவீணாதான் ஆரம்பித்தாள். "மூடாக்கு எங்கக்கா?"

"எரிச்சுட்டேம்மா. நீங்கள்லாம் வர்றீங்கன்னுதான்."

"எரிச்சுட்டீங்களா?"

குழந்தையைக் கிணற்றில் போட்டேன் என்று சொன்ன மாதிரி விழித்தாள். அடைக்கலம் மாமா குனிந்து, கைத்தடியால் என் தரையை டொக் டொக்கென்று தட்டினார். "பவுனு, வீட்ல ஆள் இருக்காங்களா?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டார். வேன் முழுக்கச் சிரித்தது. எனக்கு உச்சந்தலையில் ஏறியது. விளக்குமாறு பக்கத்தில் இல்லை, அவர் நல்ல நேரம்.

ஒருத்தராவது "நீ செய்தது தப்பு" என்று சொன்னார்களா? சொல்லவில்லை. அதுவும் அவர்கள் சட்டம். குறை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கவேண்டும். "வெயில் காலத்துல ஈரம் எப்படிக்கா நிக்கும்?" "மண்புழு இனி எங்கக்கா போகும்?" இதெல்லாம் கேள்வியா? அறைகிறவள் நேராக அறைந்துவிட்டுப் போகலாமே. கடைசியில் வட்டமாக உட்கார்ந்து, "தோத்ததைச் சொல்லுங்கக்கா" என்றார்கள்.

"இங்கே எதுவும் தோக்கலை" என்றேன்.

எல்லோரும் என் தரையையே பார்த்தார்கள். அவ்வளவு சுத்தமான தரையை எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்? நான் பலாச்சுளை வைத்தேன், பாயசம் ஊற்றினேன். அதைச் சாப்பிடும்போது மட்டும் ஒருத்தருக்கும் கேள்வி வரவில்லை.

இந்திராணி ஊரிலிருந்து வந்தாள். வரப்பில் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "அக்கா, என் பக்கத்துலேருந்து ரெண்டு வண்டி தழை அடிச்சுத் தரட்டுமா?" என்றாள். அந்த நைச்சியத்தைப் பார். நான் ஒரு வாரம் பெருக்கின தரையில் அவள் குப்பையைக் கொட்ட இடம் கேட்கிறாள்.

"உன் குப்பையை உன் பக்கமே வச்சுக்க" என்றேன்.

அதிலிருந்து பேச்சு இல்லை. அவள் பேசுவாள், நான் பேசுவதில்லை.

சித்திரை பிறந்தது. கொடியில் இலை பழுத்தது. நாற்பது ஐம்பது கண் ஒரே நாளில் பட்டால் எந்தக் கொடி தாங்கும்? எலுமிச்சம்பழம் கட்டினேன். பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்டேன். அந்தத் தண்ணீருக்கும் துரோக புத்தி. என் கொடிக்கு விட்ட தண்ணீர் மெழுகின தரையில் வழுக்கிக்கொண்டு ஓடி, வரப்பு உடைசலில் நுழைந்து, இந்திராணி பக்கம் போய் நிற்கிறது. தண்ணீருக்குக்கூட அவள்தான் வேண்டியவள்.

அந்த நேரம் பார்த்துப் பிரவீணா போனில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, "பவுனாம்பாள் அக்கா தோப்பு இப்ப எப்படி இருக்கு?" என்று எழுதுகிறாள். நீயே சொல், நான் என்ன செய்வது? காய்ந்த கொடியைப் படம் பிடித்து அத்தனை பேருக்கும் அனுப்பவா? மாசியில் என் மகள் எடுத்த படம் ஒன்று இருந்தது, தரை கண்ணாடி மாதிரி இருக்கும். அதைப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு கொடிப் படம் போட்டேன். பச்சைப் பசேல் என்று, சரத்தோடு. வரப்பில் நின்று எடுத்தது.

ஆமாம், இந்திராணியின் கொடிதான். அதனாலென்ன? அது யாருடைய கொடி என்று நான் எழுதினேனா? எழுதவே இல்லை. யாராவது கேட்டார்களா? அதுவும் இல்லை. வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறவர்கள் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. இந்திராணியும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். தன் கொடி அவளுக்குத் தெரியாதா? பெற்ற பிள்ளையைத் தெரிகிற மாதிரி தெரியும். பார்த்தாள். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். கள்ளி. உனக்குச் சண்டை போட ஆள் வேண்டுமென்றால் அவளிடம் போடு, சாயங்காலம் வந்துவிடுவாள்.

உடனே உன்னிடமிருந்து ஒரு கும்பிடு வந்தது. "அக்கா, நானும் கூட்டி மெழுகப் போறேன்" என்று எழுதினாய். பிரவீணா பதறிக்கொண்டு, "வேண்டாம்க்கா, மூடாக்கை எடுக்காதீங்க" என்று எழுதினாள். அதற்கு நீ என்ன எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? "பவுனக்காவுக்கு நல்லா வந்திருக்கே" என்று எழுதினாய். பிரவீணா படித்த பெண், அவள் சொன்னதைக் கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு, நான் செய்ததைப் பார்த்துச் செய்தாய்.

அதை நான் என் மகளிடம் காட்டினேன். கடைக்காரரிடம் காட்டினேன். என் வீட்டுக்காரரிடம்கூடக் காட்டினேன். என்னைப் பார்த்து ஒருத்தி ஒரு காரியம் செய்கிறாள் என்பது... சரி, அதை விடு. அதற்கு ஒரு மறுப்பு நான் எழுதவில்லை என்கிறாய். எழுதியிருக்கலாம். எனக்கு டைப் அடிக்க வராது, குரலில்தான் பேசி அனுப்புவேன், அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அழாதே. வந்த இடத்தில் அழுதால் எனக்குத்தான் ஆகாது. முந்தானையில் துடைக்காதே, இந்தா துண்டு. உன் மாமியார் நகையை அடகு வைத்துத்தான் கொடி போட்டாய் என்றால் அது பெரிய விஷயம்தான், இல்லை என்று யார் சொன்னது? உனக்கு மட்டும்தான் போச்சு என்று நினைக்கிறாயா? வெள்ளிக்கிழமை என் தோப்புக்கு மரம் அளக்க ஆள் வருகிறது. தவணை முடிந்துவிட்டதாம். "கொடியைப் பாத்தேன், நீயும் பாத்தே. வாயைத் திறக்கக்கூடாதுன்னு பேச்சு" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் மர வியாபாரியைப் பார்க்கப் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மகளுக்குச் சொல்லவில்லை. இந்திராணிக்குச் சொல்லவில்லை. அவளுக்கு எப்படிச் சொல்வேன்? உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். நீ வெளியூர்க்காரி, கேட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாய்.

பைக்குள் என்ன தேடுகிறாய்? இது என்ன? கொடியா? காய்ந்த கொடியைச் சாட்சிக்குக் கொண்டுவந்தாயா, கோர்ட்டுக்கு வருகிற மாதிரி? கொடு இப்படி. வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாயே, கெட்டிக்காரி.

மேலே காய்ந்துதான் இருக்கிறது. நடுவிலும் காய்ந்திருக்கிறது. நகத்தால் கீறினால் சுள்ளி மாதிரிப் பொரிகிறது. இரு. இங்கே, கீழ்க்கணுவில் கீறுகிறேன், பார். வெளிச்சத்துக்கு வந்து பார். இது என்ன நிறம்? வாயால் சொல்லு, என்ன நிறம்?

அடிப் பைத்தியக்காரி, பச்சை! உயிரோடு இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்து செத்துப்போச்சு என்று என்னிடம் நியாயம் கேட்கிறாயே! மிச்சக் கொடியெல்லாம் நிற்கிறதா? பிடுங்கவில்லையே? பிடுங்கவில்லை என்று சத்தியம் பண்ணு. அப்பாடா. நான் சொல்கிறதைக் கேள். ஊருக்குப் போனதும் மேலே காய்ந்ததை வெட்டி எறி. மெழுகினதைக் களைக்கொத்தியால் பதமாகக் கொத்திவிடு, வேரில் படக்கூடாது. தண்ணீரைக் கொட்டாதே, நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக விடு. அதற்குமேல் தழையைப் போடு, சருகைப் போடு, கிடைத்ததையெல்லாம் போட்டு மூடு. மேலே நிழலுக்கு ரெண்டு தென்னோலை. கீழ்க்கணுவிலிருந்து வெடித்துக்கொண்டு வரும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால்? அடைக்கலம் மாமாவுக்குப் போன வருஷம் ஒரு கொடி இப்படி மொட்டையாகப் போனது. கூட்டத்தில் எழுந்து அதைத்தான் அரைமணி நேரம் நீட்டி முழக்கினார். நான் அதைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது.

என்ன கேட்டாய்?

என் கொடியையா? கீறிப் பார்த்தேனா என்றா?

எனக்கு வேறு வேலை இல்லையா? வீட்டுவேலை, மாட்டுவேலை, நூறு இருக்கிறது. சித்திரைக் கடைசியிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. போய் என்ன பார்க்க? காய்ந்து தொங்குவதையா? அவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார், போதாதா? எங்கே எழுந்து போகிறாய்? ஏம்மா, ஏய், வெயிலில் போகாதே. அது இந்திராணி தோப்பு வழி. இந்தப் பக்கம். இந்தப் பக்கம் வா என்கிறேன். பிடிவாதக்காரி. நகத்தால் கீறி உன் விரல்தான் போகும், நில், அரிவாளை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இதுதான். பார்த்துக்கொள். படத்தில் பார்த்த தரை இதுதான், வெடித்துப்போய்க் கிடக்கிறது. காவிப்பட்டை மட்டும் அழியவில்லை. நல்ல காவி.

இது காய்ந்துபோனது. கீறவே வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. இதுவும் போச்சு. நான் சொன்னேனே. அந்த வேம்பில் இருக்கிறதும்... இல்லை. வா, போகலாம். வெயிலில் நின்று பிணத்தைக் கீறிக்கொண்டு. உனக்கு பஸ் போய்விடும். விடமாட்டாயா? உன் இஷ்டம், கீறு. பலாவில் இருக்கிறதைக் கீறு. கீழே. இன்னும் கீழே, மண்ணோடு மண்ணாக. தரையைக் கொஞ்சம் கொத்தினால்தான் கணு தெரியும். தள்ளிக்கொள், நான் கொத்துகிறேன். மண்ணா இது, சிமெண்டு. மெதுவாகத்தான் கொத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

பேசாதே. கொஞ்சம் பேசாமல் இரு.

பச்சைதானே இது? என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா? நீ பார்த்துச் சொல். பச்சைதானே?

அடுத்ததைப் பார். அடுத்த மரம். இங்கே இருக்கிறது. இதில் இல்லை. அதில் இருக்கிறது. பாதிக்குமேல் இருக்கும் போலிருக்கிறதே. ஒரு மாசம் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து கும்பிடுகிற சாமியையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன், இதுகள் இங்கே எனக்குத் தெரியாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. சொல்லக்கூடாது? ஒரு இலையாவது விட்டுக் காட்டக்கூடாது?

மூடவேண்டும். இப்போதே மூடவேண்டும், இந்த வெயில் இன்னொரு நாள் அடித்தால் இதுவும் போய்விடும். எதை வைத்து மூட? என் தோப்பில் ஒரு சருகு கிடையாது, கண்ணால் பார்க்கிறாயே. வைக்கோலை மாடு தின்றுவிட்டது. எதைப் பார்க்கிறாய்? வரப்புக்கு அந்தப் பக்கமா? அது அவள் குவித்து வைத்திருக்கிற சருகு. அவள் இல்லாத நேரத்தில் அதைத் தொடுவது நன்றாக இருக்காது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள், ஆனால் நான் ஏன் கேட்கவேண்டும்? ஏய், இறங்காதே. உன் ஊரில் இப்படித்தான் அடுத்தவள் தோப்பில் இறங்குவீர்களா? இறங்கிவிட்டாள். சரி, அந்தக் கூடையை எடு, மோட்டார் ரூமில் இன்னொன்று இருக்கிறது. மேலே இருக்கிறதை அள்ளாதே, அடியில் மக்கினது இருக்கும், அதை அள்ளு. ஈரமாக, கறுப்பாக, ஆமாம், அதுதான். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, குப்பை வைக்க அவளுக்குத் தெரியும். மோந்து பார்க்காதே, அள்ளு!

இன்னும் நாலு கூடை. பலாவுக்கு முதலில் போடு. தண்டை ஒட்டிப் போடாதே, அழுகிப்போகும், ஒரு சாண் தள்ளிப் போடு. வெள்ளிக்கிழமைக்குள் துளிர் வராது, எனக்கு அது தெரியாமல் இல்லை. கீறிக் காட்டுகிறேன். அரிவாளோடு வியாபாரி முன்னால் நின்று ஒவ்வொரு கொடியாகக் கீறிக் காட்டுகிறேன். என் வீட்டுக்காரர் பச்சையைப் பார்த்த பிறகும் அளக்கச் சொல்வாரா என்று பார்க்கலாம். சொன்னாலும் சொல்வார். அவரை நம்ப முடியாது.

யார் அது, வரப்பில்?

வந்துவிட்டாள். காதுகுத்து வீட்டில் சாப்பாட்டுக்குக்கூட இருக்கமாட்டாளா இவள்?

என்னடி பார்க்கிறாய்? ஆமாம், உன் குப்பைதான். உன் குப்பையைத்தான் அள்ளுகிறேன். திருட்டுத்தனமாக இல்லை, பட்டப்பகலில்தான் அள்ளுகிறேன். இவள் லூர்தம்மாள், நத்தத்துக்காரி, போனில் ரோஜாப்பூ போடுகிறவள். அவளை ஒன்றும் கேட்காதே. என்னையும் ஒன்றும் கேட்காதே, கேள்வி கேட்டாய் என்றால் கூடையைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். வெள்ளிக்கிழமை மரம் அளக்க வருகிறார்கள், இந்திராணி. அத்தனை மரத்தையும். உன் மூத்தார் வரச்சொல்லிவிட்டார். கொடியில் உயிர் இருக்கிறது. கீழே இருக்கிறது. இப்போதுதான் பார்த்தோம்.

ஏன்டி அழுகிறாய்? இன்றைக்கு எனக்கு வாய்த்தவர்கள் எல்லோரும் அழுகிறவர்களாகவே இருக்கிறார்கள். ஏய், நில், எங்கே இறங்குகிறாய்? அடியே, புதுப்புடவையடி அது! போய் மாற்றிக்கொண்டு வா. சேற்றுக்கறை போகாது. சொல்வது காதில் விழுகிறதா பார் அவளுக்கு. என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டாள், இன்றைக்குக் கேட்க?

லூர்தம்மா, அந்தப் பெரிய கூடையை அவளிடம் கொடு. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குப்பை அள்ளுகிறவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.